தங்கிய ஈரம்



குறுகிய கழுத்துடைய கண்ணாடிக் குப்பி ஒன்றை மும்முறை அலசிக் கவிழ்த்து வைக்கிறோம். அதன் அருகிலேயே வாயகன்ற குவளை ஒன்றையும் கழுவி வைக்கிறோம். குவளை சிறிது நேரத்தில் உலர்ந்து விடுகிறது. குப்பியிலோ மறுநாட் காலையிலும் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கிறது. கழுவிய கை ஒன்று, ஊற்றிய நீர் ஒன்று, இரண்டும் கண்ணாடியே. பின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? தங்கிவிட்ட அந்த ஈரத்திற்கு யார் பொறுப்பு? கழுவியவரா, கலத்தின் வடிவமா? குறைவின்றிக் கழுவியவரின் கடமை கவிழ்த்து வைத்தவுடன் முடிந்து விடுகிறதா?

இஃது அடுக்களைக் கேள்வி போல் தோன்றினும் உண்மையில் அறக் கேள்வியே ஆகும். நீரை வடிகட்டிப் பருகுவதும், வடிகட்டிய துணியிலுள்ள உயிர்களை மீண்டும் அந்நீர்நிலையிலேயே சேர்ப்பதும் நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற ஒழுக்கம். கண்ணுக்குப் புலப்படாத உயிரையும் கருத்திற் கொண்டு நடப்பவர்க்குக் கண்ணுக்குப் புலப்படாத ஈரத்தைப் பற்றிய கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும் அறத்தைப் பேசுமுன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். இயல்பை அறியாது வகுக்கும் விதி வெறும் சடங்காகவே எஞ்சும்.

ஈரம் ஏன் தங்குகிறது?

முதற் காரணம், நீருக்கும் கண்ணாடிக்கும் உள்ள நட்பு. எண்ணெய்ப் பசை நீங்கிய தூய கண்ணாடியின்மேல் நீர் உருண்டு ஓடுவதில்லை. மெல்லிய படலமாகப் பரவி ஒட்டிக் கொள்கிறது. பசை இருந்தாலோ துளித்துளியாகத் திரண்டு நிற்கிறது. ஆகவே நன்கு கழுவப்பட்ட குப்பியிலும் நீர்ப்படலம் எஞ்சியே தீரும்.

இரண்டாவது காரணம், கழுத்தின் குறுக்கம். குப்பியிலிருந்து நீர் வெளியேற வேண்டுமாயின் அதே வழியாகக் காற்று உள்ளே புக வேண்டும். ஒற்றை வாயிலில் இருவர் எதிரெதிரே வரும் நிலை இது. அதனால்தான் கவிழ்த்த குப்பி "களக், களக்" என்று ஒலித்து விட்டு விட்டு நீரைக் கொட்டுகிறது. இறுதியில் எஞ்சும் சில துளிகளை, கழுத்தின் தொடக்கத்திலும் தோளின் வளைவிலும் பரப்பு இழுவிசை பிடித்து நிறுத்திக் கொள்கிறது. அத்துளிகளின் எடை அவ்விசையை வெல்லப் போதுவதில்லை.

மூன்றாவதே முதன்மையான காரணம். எஞ்சிய நீர் ஆவியாகி வெளியேறினால்தான் குப்பி உலரும். 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதற்குமேல் அது நிறைவுற்றுவிடும். 750 மில்லி கொள்ளும் ஒரு குப்பிக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குப்பிக்குள் இருக்கும் காற்று முழுவதும் நிறைவுற்றாலும் அது தாங்கும் நீர் சுமார் 23 மில்லிகிராம் மட்டுமே. ஒரு மில்லி நீரில் ஏறக்குறைய 20 துளிகள் எனக் கொண்டால் ஒரு துளியின் எடை 50 மில்லிகிராம். அதாவது, குப்பி நிறைய இருக்கும் காற்று முழுதும் சேர்ந்தும் அரைத் துளி நீரைக்கூடச் சுமக்க இயலாது!

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். வெளியிலுள்ள காற்றும் வறண்டதன்று. அதன் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால், கன மீட்டருக்கு 21 கிராம் ஆவியை அது முன்னமேயே சுமந்து நிற்கிறது. மேலும் ஏற்கக் கூடியது 9 கிராமே. எனவே ஒவ்வொரு முறை குப்பியின் காற்று முழுதும் மாறும்போதும் வெளியேறுவது 7 மில்லிகிராமுக்கும் குறைவே. சுவர்களில் ஒரு மில்லி நீர் படலமாய் எஞ்சியிருப்பின், அது நீங்க அக்காற்று ஏறத்தாழ 150 முறை மாற வேண்டும். வாயகன்ற குவளையில் சிறு தென்றலும் இதை எளிதில் முடித்து விடும். குறுங்கழுத்துக் குப்பியிலோ காற்று புகுந்து வெளிவருவதில்லை. ஆவி தானே மெல்ல மெல்ல விரவிக் கழுத்து வழியே கசிந்தாக வேண்டும். கழுத்தின் விட்டம் பாதியானால் வழியின் பரப்பு நான்கில் ஒன்றாகிறது. நீளம் இரட்டித்தால் விரவும் வேகம் மேலும் பாதியாகிறது. இரண்டும் சேரின் உலர எடுக்கும் காலம் எட்டு மடங்காகும்.

கவிழ்த்தே வைத்திருப்பதும் முழுத் தீர்வன்று. நீராவியின் மூலக்கூறு எடை 18. காற்றில் மிகுந்துள்ள நைட்ரசனின் எடை 28. ஆக்சிசனின் எடை 32. ஆகவே ஒரே வெப்பநிலையில் ஈரக்காற்று வறண்ட காற்றைவிடச் சற்று இலேசானது. மேலே எழும் இயல்புடையது. வாயைக் கீழாக வைத்த குப்பியில் அது மேலே, அதாவது குப்பியின் அடிப்பாகத்தில், சிறைப்பட்டு விடுகிறது. சமதளமான தட்டின்மேல் வாய் பதியக் கவிழ்த்தாலோ வழியே அடைபட்டுப் போகிறது.

பகலில் உலர்ந்ததாகத் தோன்றிய குப்பி விடியலில் மீண்டும் பனித்திருப்பதையும் பலர் கண்டிருப்பர். 30 பாகையில் 30 கிராம் ஆவியைத் தாங்கிய காற்று, 20 பாகைக்குக் குளிர்ந்ததும் 17 கிராமையே தாங்கும். மிகுதி மீண்டும் நீராகிக் கண்ணாடியில் படிகிறது. ஈரம் புதிதாக வந்ததன்று. வெளியேறாமல் உள்ளேயே உருமாறி இருந்ததே வெளிப்பட்டது. "கண்ணுக்குத் தெரியவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றல்ல என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பொருள் அரிது.

ஆய்வகம் கற்பித்த ஒரு விவேகம்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்த பெரம்பலூர் 1995ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து அரியலூர் பிரிந்து 2007ஆம் ஆண்டு நவம்பர் 23 முதல் தனித்து நிற்கிறது. இம்மாற்றங்களெல்லாம் நிகழ்ந்த காலத்தில் அவ்வட்டாரப் பள்ளிகளில் நாம் ஆசிரியப் பணி புரிந்து வந்தோம். வேதியியல் ஆய்வகத்தில் மாணவியர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "இந்தக் குடுவை உள்ளே ஈரமாயிருக்கிறதே, பயன்படுத்தலாமா, டீச்சர்?" என்பது.

விடை ஒன்றன்று. திட்டக் குடுவையில் நீர்க்கரைசல் தயாரிப்பதாயின், அதனுள் வாலை வடிநீரின் ஈரம் இருப்பதால் கேடில்லை. எப்படியும் குறியீடு வரை அதே நீரைத்தான் நிரப்பப் போகிறோம். அக்குடுவையை விரைவில் உலர்த்தச் சூடேற்றுவதே தவறு. அதன் கொள்ளளவு மாறக்கூடும். கூம்புக் குடுவையில் ஈரம் இருப்பினும் தீங்கில்லை. பிப்பெட்டால் அளந்து விடும் பொருளின் அளவு அதனால் மாறுவதில்லை. ஆனால் பியூரெட்டின் உட்சுவரில் நீர் தங்கியிருந்தால் அதில் ஊற்றும் கரைசலின் செறிவு குறைந்து விடும். எனவே எந்தக் கரைசலை ஊற்றப் போகிறோமோ அதனாலேயே பியூரெட்டை முதலில் அலசுகிறோம்.

இவ்விதிகளுள் ஓர் அற நுட்பம் அடங்கியிருக்கிறது. ஈரம் தன்னளவில் குற்றமுடையதன்று. அது தீமையாவதும் ஆகாததும், அடுத்து அக்கலத்தில் எது புகப் போகிறது என்பதைப் பொறுத்தது. குடிநீர்க் குப்பியை உடனே நிரப்புவதாயின் ஒரு துளி ஈரத்தால் கேடில்லை. அதே துளி நல்லெண்ணெய்க் குப்பியில் எண்ணெயின் மணத்தைக் கெடுக்கும். தேனில் நொதிக்கச் செய்யும். மூடி வைத்த வெற்றுக் குப்பியில் பூஞ்சையை வளர்க்கும். ஆதலின் கடமை என்பது எல்லாவற்றையும் ஒரே கடுமையுடன் உலர்த்துவதன்று. எது எங்கே தீங்காகும் என்று முன்னறிந்து அங்கே விழித்திருப்பதே கடமை.

இந்த முன்னறிவு ஏட்டுக் கல்வியால் மட்டும் வருவதன்று. பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் மிகுதியாக விளைகிறது. நம்மில் பலர் அதனை உண்பதில்லை. எனினும் அவ்வுழவர் அதைச் சேமிக்கும் முறை கற்கத் தக்கது. அறுவடை செய்ததை மூட்டைகளில் அடைத்துப் போடாமல், தரையினின்று உயர்த்தி, காற்று ஊடுருவும்படி படல் அடைத்து, மேலே கூரை வேய்ந்து பட்டறை போடுகின்றனர். மழையை மட்டும் தடுத்தால் போதாது, உள்ளிருந்து எழும் ஈரத்திற்கும் வழிவிட வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருக்கின்றனர். நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கு வாய் அகன்றிருப்பதும் இந்த அறிவின் பயனே. கையும் துணியும் வெயிலும் உள்ளே சென்று மீள வேண்டுமென்று எண்ணிய யாரோ ஒருவர் அவ்வடிவத்தை வகுத்திருக்கிறார்.

பாலூட்டும் புட்டி

இவ்வளவு சிறிய பொருளில் பெரிய தீங்கு என்ன இருக்க முடியும் என்று எண்ணுவார்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகளில் குழந்தைகளுக்குப் பாலூட்டக் கண்ணாடிப் புட்டிகள் பரவின. அவற்றுள் ஒரு வகையில் குறுகிய கழுத்திலிருந்து நீண்ட இரப்பர்க் குழாய் ஒன்று வெளிவந்தது. தாய் அருகில் இல்லாமலே குழந்தை தானே பருகலாம் என்பதால் அது பெரிதும் விரும்பப்பட்டது. ஆனால் அக்கழுத்தையும் குழாயையும் உட்புறம் தேய்த்துக் கழுவ இயலவில்லை, உலர்த்தவும் இயலவில்லை. எஞ்சிய ஈரத்திலும் பாலின் பசையிலும் கிருமிகள் பெருகின. எண்ணற்ற பச்சிளங் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மாண்டன. இங்கிலாந்தில் அதற்குக் கொலைப் புட்டி என்ற பெயரே ஏற்பட்டது. 1910ஆம் ஆண்டில் பிரான்சு நாடு அதனைச் சட்டத்தால் தடை செய்தது.

குழாய் மறைந்த பின்னரும் புட்டி மறையவில்லை. 1981ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு மன்றம் தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை முறைக்குப் பன்னாட்டு நெறி ஒன்றை வகுத்தது. இந்திய அரசு 1992ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 2003ஆம் ஆண்டில் அதனை மேலும் வலுப்படுத்தியது. பால் மாற்றுப் பொருள்களையும் பாலூட்டும் புட்டிகளையும் விளம்பரம் செய்வது இச்சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. தாய்ப்பாலே சிறந்தது என்பது இதற்கு முதற் காரணம். புட்டியைத் தூய்மையாக வைத்திருத்தல் அரிது என்பது மற்றொரு காரணம். தாயிடம் பருக இயலாத குழந்தைக்குக் கிண்ணத்தால் புகட்டுவதே நலம் என்று மருத்துவர் கூறுகின்றனர். நம் பாட்டிமார் கையாண்ட சங்கும் பாலாடையும் அத்தகைய திறந்த கலங்களே. ஒரு விரல் உள்ளே சென்று துடைக்கலாம்; ஒரு நாழிகை வெயிலில் உலர்ந்து விடும்.

இங்கே நம் கேள்வி கூர்மையடைகிறது. அப்புட்டியை அன்போடு கழுவிய தாய் குற்றவாளியா? குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணம் அவள் உள்ளத்தில் அணுவளவும் இல்லை. ஆயினும் தீங்கு நிகழ்ந்தது.

எண்ணமும் விழிப்பும்

தத்துவார்த்த சூத்திரமும் அதற்குப் பூஜ்யபாதர் இயற்றிய சர்வார்த்தசித்தி உரையும் இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்கு ஊறு நேர்ந்தது என்பதை மட்டும் கொள்வதில்லை. பிரமாதம், அதாவது விழிப்பின்மை, அதனோடு சேர்ந்திருந்ததா என்று பார்க்கின்றன. பார்த்துப் பார்த்து அடி வைக்கும் முனிவரின் காலடியில் எதிர்பாராது ஒரு சிற்றுயிர் வந்து மடிந்தால் அவருக்கு அதனால் பாவப் பிணிப்பு இல்லை. பாராது நடப்பவர் காலடியில் ஓருயிரும் மடியவில்லை எனினும் அவருக்குப் பிணிப்பு உண்டு.

இதனைக் கொண்டு நோக்கினால், அறியாத அந்தத் தாய் அவ்வீரத்திற்காகப் பழிக்கப்பட வேண்டியவள் அல்லள். ஆனால் அறிந்த பின்னர் நிலை மாறுகிறது. கழுத்துக் குறுகிய கலத்தில் ஈரம் தங்கும், அதில் உயிர்கள் தோன்றும் என்று ஒருவர் அறிந்துவிட்டால், "நான் கழுவி விட்டேன்" என்பது அதற்குமேல் விடையாகாது. அந்த வடிவத்தை வகுத்தவர்க்கும் விற்றவர்க்கும், அதன் இயல்பு தெரிய வந்த நாளிலிருந்து, பொறுப்பு இன்னும் மிகுதி. அறிவு எந்த அளவிற்கு நீள்கிறதோ அந்த அளவிற்குப் பொறுப்பும் நீள்கிறது. ஆகவேதான் கற்பித்தலை அறங்களுள் ஒன்றாகவும், கற்க மறுப்பதைச் சோம்பலினும் பெரிய குறையாகவும் நாம் கருதுகிறோம்.

"எம் கைக்கு எட்டாத இடத்தில் நிகழ்ந்ததற்கும் யாம் பொறுப்பேற்க வேண்டுமா?" என்று வினவுவோர் உண்டு. இதற்கு அரியலூர் மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியுமுன், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு இரயில் அரியலூர் அருகே விபத்துக்குள்ளாயிற்று. பெருமழையால் மருதையாறு பெருக்கெடுத்து, பாலத்தை அடுத்த பாதை அரிக்கப்பட்டிருந்தது. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி தம் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே மகபூப்நகர் அருகே நிகழ்ந்த விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார். அப்போது அது ஏற்கப்படவில்லை. இம்முறை ஏற்கப்பட்டது. விபத்திற்கு அவர் காரணர் என்பதற்காக அன்று, பொறுப்புணர்ச்சிக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாகப் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. குற்றம் நாம் செய்ததற்கு மட்டும் உரியது. பொறுப்போ நம் கண்காணிப்பில் வைக்கப்பட்ட அனைத்திற்கும் உரியது. நீர் அரித்த இடத்தை டெல்லியிலிருந்த அமைச்சர் கண்டிருக்க இயலாது. ஆயினும் காணாததையும் தம்முடையதாகவே அவர் கொண்டார். குப்பிக்குள்ளிருக்கும் ஈரமும் அவ்வாறே. அதைத் தங்க வைத்தது நம் கை அன்று. நம் வீட்டுக் குப்பி என்பதால் அது நம்முடையது.

மறுப்புகள் சில

இங்கே மூன்று மறுப்புகள் எழக்கூடும். அவற்றை ஒதுக்கிச் செல்லுதல் நேர்மையாகாது.

முதல் மறுப்பு: "உலர்த்துவதற்கு நெருப்பை மூட்டினால் தீயுடல் உயிர்களுக்கு ஊறு, மீண்டும் அலசினால் நீருடல் உயிர்களுக்கு ஊறு, விட்டு விட்டாலோ பூஞ்சை. எதைச் செய்தாலும் இம்சையே எனில் செய்வதால் என்ன பயன்?" இல்லறத்தார்க்கு ஆரம்ப இம்சையை முற்றிலும் விலக்க இயலாது என்று நம் ஆசாரியர்களே கூறியிருக்கின்றனர். அவர்கள் நம்மிடம் கேட்பது குறைத்தல். பாசி, பூஞ்சை முதலியவற்றை, ஓருடலில் அளவற்ற உயிர்கள் உறையும் சாதாரண வனஸ்பதி என்று நம் நூல்கள் வகுக்கின்றன. அவை தோன்றிப் பெருகிய பின் தேய்த்து அழிப்பதினும், தோன்றுவதற்கு இடமளியாமை மிகச் சிறிய இம்சை. வெயிலும் காற்றும் தாமாகவே செய்யும் வேலைக்கு நாம் நெருப்பை மூட்ட வேண்டியதுமில்லை.

இரண்டாம் மறுப்பு: "வாயைத் திறந்து வைத்தால் எறும்பும் ஈயும் உள்ளே புகுந்து மடிகின்றனவே." இது மிகவும் கருதத் தக்கது. வாய் சிறுத்த குப்பி உட்புகுந்த சிற்றுயிர்க்கு வெளியேற வழி காட்டாத பொறியாகிவிடும். அதற்காக மூடியை இறுக மூடினால் ஈரம் சிறைப்படும். மெல்லிய பருத்தித் துணியை வாயில் கட்டி வைத்தால் உயிர் உள்ளே புகாது. ஆவி வெளியே போகும். நீர் வடிகட்டும் துணியைப் பேணும் இல்லங்களில் இதற்கொரு துண்டுத் துணி கிடைக்காமற் போகாது.

மூன்றாம் மறுப்பு: "இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் வாழ்நாள் முழுதும் குப்பி துடைப்பதிலேயே கழியும்." இதற்கு விடை அபரிக்கிரகம். நம் அலமாரிகளில் அழகுக்காகச் சேர்த்து வைத்த குறுங்கழுத்துக் குப்பிகள் எத்தனை? கவனிக்க இயலாத அளவிற்குப் பொருள்களைச் சேர்ப்பதும் பிரமாதத்தின் ஒரு வடிவமே. பத்துக் குப்பிகளை அரைகுறையாகப் பேணுவதினும் இரண்டைச் செவ்வனே பேணுதல் அறம். வாயகன்ற கலம் போதுமான இடத்தில் குறுகியதை வாங்காதிருத்தல் அதனினும் அறம்.

இருக்கும் குப்பிகளுக்கு, எளிய முறை இது. முதலில் வாய் தரையில் பதியாதபடி சாய்வாகக் கவிழ்த்து நீரை முழுதும் வடிய விட வேண்டும். வடிந்த பின் நிமிர்த்தோ சாய்த்தோ, வாய் மேனோக்கியிருக்க, வெயிலும் காற்றும் படும் இடத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் தூய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, அடியைத் தொடும்படி உள்ளே விட்டு, மறுமுனையை வெளியே தொங்க விட்டால், நுண்புழை ஏற்றத்தால் நீர் திரி வழியே ஏறி வெளியே ஆவியாகும். ஒரு விடியல் கண்டு, கண்ணாடி பனிக்கவில்லை என்று உறுதி செய்த பின்னரே மூடி இட வேண்டும்.

உள்ளத்தின் கழுத்து

பொருளைப் பற்றி இதுகாறும் கூறினோம். ஆனால் தங்கும் ஈரம் குப்பிக்குள் மட்டும் இருப்பதன்று.

ஈரமான துணியில்தான் புழுதி ஒட்டும். உலர்ந்த துணியை உதறினால் புழுதி விழுந்துவிடும். அதுபோலக் கஷாயத்தால் ஈரமான ஆன்மாவிலேயே வினைத்துகள் ஒட்டி நிற்கிறது என்று நம் மரபு விளக்குகிறது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, தம் கோம்மடசாரத்தில், கஷாயத்தின் வாசனை எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கும் அளவு கூறியிருக்கிறார். சஞ்ஜ்வலனம் என்னும் மெல்லிய வகை ஓர் அந்தர்முகூர்த்தம் தங்கும். 48 நிமிடத்திற்கு உட்பட்ட காலம் அது. பிரத்தியாக்கியானம் 15 நாள் தங்கும். அப்பிரத்தியாக்கியானம் 6 மாதம் தங்கும். அதற்கும் மேற்பட்டுப் பிறவிதோறும் தொடர்வது அனந்தானுபந்தி. சினத்தின் கொடுமையை அது எழுந்த வேகத்தால் மட்டும் அளக்காமல், அது தங்கும் காலத்தாலும் அளந்திருக்கிறார்கள்! உரக்கக் கத்திச் சற்று நேரத்தில் மறந்து விடுபவரைக் காட்டிலும், புன்னகையோடு ஆறு மாதத்திற்கு மேல் மனத்தில் வைத்திருப்பவர் தம்மைக் குறித்து மிகுதியாக அஞ்ச வேண்டும்.

ஆண்டுதோறும் தசலட்சண பருவத்தின் முடிவில் ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்கிறோம். அது கழுவுதல். கழுவிய பின் உலர்ந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவர், கிணற்று நீர் இறைக்கும் முறை பற்றி மனத்தாங்கல் கொண்டனர். ஊரார் முன்னிலையில் மன்னிப்பும் கேட்டுக் கொண்டனர். ஆயினும் ஒருவர் வீட்டுப் படியை மற்றவர் மிதிக்கவில்லை. மூன்றாண்டு கழித்து ஒரு திருமணப் பந்தியில் யாரோ கிணறு என்ற சொல்லை எடுக்க, இருவர் முகமும் மாறிப் போயிற்று. குளிர்ந்த விடியலில் கண்ணாடி பனிப்பது போல, இல்லையென்று எண்ணியிருந்த ஈரம் வெளிப்பட்டது.

அதன்பின் தம்பியின் மனைவி ஒன்று செய்தார். வாரம் ஒரு முறை மூத்தார் வீட்டிற்குச் செல்வார். "வாங்க அக்கா, பேசலாம்" என்று வழக்கை எடுத்ததில்லை. மோர் அருந்துவார், குழந்தைகளின் படிப்பை விசாரிப்பார், திரும்பி விடுவார். முதற் சில மாதம் எந்த மாற்றமும் தென்படவில்லை. ஓராண்டுக்கு மேலான பிறகு, மூத்தவரே ஒரு நாள் தம்பியை அழைத்து, "செவ்வாயும் வெள்ளியும் நீ இறைத்துக் கொள்ளப்பா" என்றார். பெரிய பேச்சு ஒன்றும் நடைபெறவில்லை.

குறுகிய கழுத்துடைய குப்பி ஒரே முறை பலமாகக் குலுக்குவதால் உலர்வதில்லை என்று முன்னர்க் கண்டோம். சிறிது சிறிதாக, நூற்றைம்பது முறை, காற்று மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளியேறுவது ஒரு துளியிலும் சிறு பங்கே. குறுகிப் போன மனத்திற்கும் அதுவே வழி. மன்னிப்பு என்ற ஒரு சொல் நீரை வடிக்கும்; எஞ்சிய படலத்தை, திறந்த வாயிலும் அடுத்தடுத்த வரவும் காலமுமே நீக்கும்.

ஆதலின் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு நாம் கொண்ட விடை இது. ஈரம் தங்குவது கலத்தின் வடிவத்தால். அதற்காகக் கழுவியவரைப் பழித்தல் தகாது. தங்கியிருப்பதை அறிந்த பின் அதைக் கவனித்தல் அக்கலத்தை உடையவர் கடமை. "கழுவியாயிற்று" என்று சொல்லி அதிலிருந்து நீங்க இயலாது. வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ள இடத்தில் அகன்றதைத் தேர்ந்தெடுப்போமாக. குறுகியதே வாய்த்த இடத்தில் பொறுமையோடு உலர விடுவோமாக. இவ்விதழ் கைக்கு வந்த நாளில், அடுக்களை அலமாரியில் மூடி வைத்திருக்கும் குப்பி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெடுநாளாய்ப் பேசாதிருக்கும் உறவினர் ஒருவரையும் நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டின் மூடியும் அன்றே திறக்கப்படுமாயின் இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவேறும்.